கடல் இல்லாத ஊரில் மேற்கு

கொட்டாஞ்சேனை,
22.08.1964, சனிக்கிழமை காலை.

என் அன்புக்கும், இந்தக் கடிதம் முடியும்வரை என் கோபத்துக்கும் உரிய தம்பி கிளெமென்றுக்கு,

சர்வேசுரனுடைய தயவால் நான் நல்ல சுகம். நீயும் உன் மனைவி பிறிஜெற்றும் பிள்ளைகள் ஐறீனும் வின்சன்றும் அவ்வண்ணமே சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். மன்றாட்டு இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் உன்னுடைய வெள்ளவத்தை வீட்டில், பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க நான் முதன்முதல் உட்கார்ந்த சனிக்கிழமை, உன் மகள் ஐறீன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “மாமி, கடல் இல்லாத ஊரில மேற்கு இருக்குமா?” முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். உலகம் உருண்டை என்றால் கீழ்ப்பக்கத்து ஆட்கள் ஏன் விழுவதில்லை என்று கேட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இரவில் ஆறு நித்திரை கொள்ளுமா என்று கேட்ட பிள்ளையைக் கண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. “ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?” என்றேன். “கடல் இருக்கிற பக்கம்தான் மேற்கு எண்டு அப்பா சொன்னவர். அப்ப கண்டியில இருக்கிற ஆக்களுக்கு மேற்கு இல்லைத்தானே. பாவங்கள்” என்றாள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சாய்மனைக் கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டு கிடந்தாய். பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் குரல் மட்டும் வந்தது: “அக்கா, சின்னப் பிள்ளையளுக்கு அது காணும். கடல் மேற்கு, காலி வீதி கிழக்கு, ரெண்டுக்கும் நடுவில எங்கட வீடு. இதுக்கு மேல என்ன புவியியல்?”

அன்றைக்கே அந்தப் பேப்பரைப் பிடுங்கிச் சுருட்டி உன் தலையில் இரண்டு போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டது என் பொறுமை. அந்தப் பொறுமை நேற்றுப் பின்னேரம் தபால்காரன் உன் கடிதத்தைத் தந்ததோடு தீர்ந்துபோய்விட்டது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது; அது நான் பழக்கிய கையெழுத்து. எழுதியிருப்பதைத்தான் வாசிக்க முடியவில்லை. “அக்கா இனிச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மினக்கெட்டு வரத் தேவையில்லை. பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் கணக்குக்கும் இங்கிலிஷுக்கும் ரியூசனுக்கு விடப்போகிறேன். புவியியலால் வேலை கிடைக்காது. புவியியலால்தான் திருகோணமலையில் சனத்துக்கு முன்னால் எங்கள் மானம் போனது.” மினக்கெட்டா? நான் மினக்கெட்டு வந்தேன் என்று உனக்கு யார் சொன்னது? பென்சன் எடுத்த பிறகு எனக்குக் கிழமையில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரித்தான், தம்பி. அதில் ஒரு நாள் மட்டும், சனிக்கிழமை மட்டும், இரண்டு பிள்ளைகள் இருக்கிற ஒரு வகுப்பு எனக்கு இருந்தது. அதை நீ ஒரு தபால் முத்திரையோடு மூடிவிட்டாய். அந்தச் சனிக்கிழமையைத் திருப்பிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அன்பாகக் கேட்கலாம் என்று இருந்தேன், திருகோணமலையை இழுத்துவிட்டாய். சரி, திருகோணமலைக்கே போவோம்.

எங்கள் பெரியம்மாவின் மகன் ஒஸ்வால்ட் இந்த மாதம் தன் மகளின் கலியாணத்தை நிலாவெளிக்கு அங்கால், கடற்கரைச் சின்னக் கோவிலில் வைத்தான். கேக் செய்வது என் பொறுப்பு. மூன்று தட்டுக் கேக். ஐசிங் பூ ஒவ்வொன்றும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையால் பிழிந்தது. ரெயினில் கொண்டுபோனால் நசுங்கும் என்று, சிநேகிதனிடம் நீ இரவல் வாங்கிய ஒஸ்ரின் காரில் கேக்கை வைத்துவிட்டு, உதவிக்கென்று நான் முந்தியே ரெயினில் போய்விட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. கேக்கை ரெயினில் ஏற்றிவிட்டு நான் காரில் வந்திருக்க வேண்டும். ஒஸ்வால்ட் கலியாணம் சொல்ல வந்து உனக்கு வழி சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்: “பட்டினத்தில படுத்தெழும்பி, காலமை வடக்கால நேரா வா. ஒரே ரோட்டு. பிழை விடுறதுக்கு அதில வழியே இல்லை.” பிழை விட வழியில்லாத ரோட்டிலும் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். காரில் நடந்ததைப் பிள்ளைகள் எனக்கு ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார்கள். மறுக்காதே.

பட்டினத்திலிருந்து வெளிக்கிட்டு நீ சரியாக வடக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறாய். காலை நேரம். வலப்பக்கம் கடல். அப்போது பின் சீற்றிலிருந்து ஐறீன், “அப்பா, கடல் வலப்பக்கம் தெரியுது. கடல் மேற்கெண்டால் நாங்கள் தெற்குக்கெல்லோ போறம்?” என்றிருக்கிறாள். நீ பிறேக்கைப் போட்டு, “அதுதானே! பாத்தியா பிறிஜெற், என்ர பிள்ளையின்ர மூளையை!” என்று அந்த இடத்திலேயே காரைத் திருப்பியிருக்கிறாய். “ஒரு ஆளைக் கேட்டால் என்னப்பா?” என்று பிறிஜெற் கேட்டதற்கு, “கேக்கிறதுக்கு என்ன இருக்கு? கடல் பொய் சொல்லுமா?” என்றாயாம். கேக்கை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த வின்சன்ற், அந்தச் சின்னப் பிள்ளை, “அப்பா, சூரியன் கடலுக்கு மேல நிக்குது. இண்டைக்குச் சூரியன் மேற்கிலயா உதிச்சது?” என்று கேட்டிருக்கிறான். தம்பி, அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. அந்தப் பிள்ளையை இறக்கி ரோட்டில் வைத்து முத்தமிட்டிருக்க வேண்டும். நீ சொன்னது, “வாயை மூடிக்கொண்டு கேக்கைப் பிடி.”

பிறகு கடலை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, வடக்கே போகிறோம் என்ற நம்பிக்கையில், தெற்கே பறந்திருக்கிறாய். இரவு படுத்த ரெஸ்ற் ஹவுஸையே தாண்டிப் போனாயாம். “இது நாங்கள் படுத்தெழும்பின இடமெல்லோ!” என்று பிறிஜெற் கத்த, “ரெஸ்ற் ஹவுஸ் எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் கட்டியிருப்பாங்கள்” என்றாயாம். அதற்கு அப்புறமும் துறைமுகத்துத் தண்ணீர் இடப்பக்கமே கூடவந்ததால் உனக்குத் தைரியம் கூடிக்கூடி, கடைசியில் கிண்ணியாத் துறையில், கார்களைப் படகில் ஏற்றி அக்கரைக்கு விடுகிற இடத்தில் போய் வரிசையில் நின்றிருக்கிறாய். அங்கே நின்ற ஒருவர், “நிலாவெளிக்கா சேர் போறீங்க? நேர் எதிர்ப்பக்கமா வந்திருக்கீங்களே!” என்றபோதும் நீ விடவில்லை. “அப்ப கடல் ஏன் இடப்பக்கம் நிக்குது?” என்று அந்த மனுசனோடு வாதாடினாயாம். கடல் வந்து பதில் சொல்லும் என்று நினைத்தாயா?

பூசையில் நன்மை எடுக்கவேண்டும் என்று வெறுவயிற்றோடு வெளிக்கிட்ட பிள்ளைகள். வெயில் ஏறிவிட்டது. பிறிஜெற் என்ன செய்வாள்? சீப்பின் பிடியால் கேக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். மேல்தட்டை வெட்டினால் தெரிந்துவிடும் என்று அடித்தட்டை வெட்டினாளாம். அடித்தட்டை வெட்டினால் மேலே இருக்கிற இரண்டும் எங்கே நிற்கும் என்று அந்தக் காரில் ஒருவரும் யோசிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கும் கொடுத்தாளாம். அது நல்ல மனசு, அதற்கு நான் கோபிக்கவில்லை. நீங்கள் நிலாவெளிக்கு வந்து சேர்ந்தபோது பூசை முடிந்து, படம் எடுத்து முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்திருந்தது. நான் காலையிலிருந்து கோவில் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துப்போய் நின்றேன். நீ காரிலிருந்து இறங்கிப் பெட்டியைத் திறந்தாய். உள்ளே என் கேக் வெள்ளம் வடிந்த வயல் மாதிரிக் கிடந்தது. அந்தச் சனத்துக்கு நடுவில் நீ வாய்கூசாமல் சொன்னாய்: “எல்லாம் எங்கட அக்காவின்ர புவியியல் செய்த வேலை. பிள்ளை திசை பாக்கத் தொடங்கினதால வந்த வினை.” பந்தல் முழுக்கச் சிரித்தது. ஒஸ்வால்ட் என்னிடம் வந்து, “ரீச்சர், உங்கட உலகப் படத்தில நிலாவெளியை எலி திண்டிட்டுதோ?” என்று கேட்டான். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அவர் என்னை அன்றுதான் முதன்முதல் காண்கிறார்.

கிளெமென்ற், உன் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லு. “கடல் மேற்கு” என்று நானா சொல்லிக்கொடுத்தேன்? நான் சொல்லிக்கொடுத்தது, காலையில் சூரியனைப் பார்த்து நில், முகத்துக்கு முன்னால் கிழக்கு, முதுகுக்குப் பின்னால் மேற்கு, வலக்கைப் பக்கம் தெற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு என்று. வின்சன்ற் காரில் சூரியனைப் பார்த்தானே, அதுதான் என் பாடம். ஐறீன் கடலைப் பார்த்தாளே, அது உன் பாடம். நீ உன் பாடத்தைக் கேட்டுக் காரைத் திருப்பிவிட்டு, என் வகுப்பை மூடுகிறாய். வாத்தியார் ஒருவர், அடி இன்னொருவருக்கு!

அதுவும் போகட்டும். இப்போது ஆவணி மாதம். வெள்ளவத்தையில் கடல் குமுறி, ரெயில் பாதைக் கல்லில் அடித்து, உன் வீட்டு யன்னல் கம்பியில் உப்புப் பூத்திருக்கிறது. பிறிஜெற் ஒவ்வொரு நாளும் துடைக்கிறாள். நிலாவெளியிலோ கடல் கோப்பையில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. ஒரே மாதம், ஒரே தீவு; ஒரு கரையில் கடல் பேயாடுகிறது, மற்றக் கரையில் தூங்குகிறது. ஏன் என்று நீ கேட்டிருந்தால் கச்சான் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்தக் காருக்குள்ளேயே பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்கள். இப்படி ஒரு பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும்? நானும் பள்ளிக்கூடத்தில் இருந்தவள்தான். அங்கே நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு உலகப் படம். அதுவும் சுவரில் உயரத்தில் தொங்கும். தலைநகரங்களைப் பாடமாக்கலாம், ஆறுகளை வரிசையாகச் சொல்லலாம். தான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பிள்ளை வீட்டில்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை நிற்பது வீட்டில்.

நான் உன் வீட்டில் செய்ததெல்லாம் என்ன? ஒரு நாள் மத்தியானம் தட்டில் சோற்றைக் குன்றாகக் குவித்து, இதுதான் மலைநாடு, இப்போது உச்சியில் சொதியை விடுங்கள் என்றேன். சொதி நாலு பக்கமும் ஓடியது. எங்கள் ஆறுகளும் அப்படித்தான், நடுவிலிருந்து நாலா பக்கத்துக் கடலுக்கும் ஓடுகின்றன. ஒரு பக்கம் ஓடியதைக் காட்டி ஐறீன், “இது களனி” என்றாள். வின்சன்ற் கரண்டியால் பெரிதாக ஒரு வாய்க்கால் வெட்டி, “இது மகாவலி, இது திருகோணமலைக் கடலுக்குப் போகுது” என்று விட்டான். அது மேசை விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கக் கதிரையில் இருந்த உன் வெள்ளைச் சேட்டில் கலந்தது. “சோத்தில விளையாடாதையுங்கோ! அக்கா, நீங்களுமா?” என்று கத்திக்கொண்டு எழும்பிப் போனாய். அன்றைக்கு உன் சேட்டு எந்தக் கரையில் நனைந்தது என்று பார்த்திருந்தால், என் கேக் நிலாவெளிக்கு மூன்று தட்டோடு வந்திருக்கும்.

இன்னொரு நாள் குசினியை வகுப்பாக்கினோம். பம்பாய் வெங்காயத்தை வடக்கே வைத்தோம், மாசிக் கருவாட்டை மாலைதீவு என்று மேற்கே வைத்தோம், பருப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வின்சன்ற் சந்திக் கடைக்கு ஓடிப்போய் மக்கீன் நானாவிடம் கேட்டான். “அத எங்கிட்டக் கேட்டு என்ன வாப்பா, கப்பல்காரனக் கேளுங்க. எனக்குச் சாமான் எடுக்கிற மெயின் ஸ்ட்ரீட் மட்டும்தான் தெரியும்” என்றாராம். பிள்ளை கடைகடையாகப் பருப்புக்கு ஊர் கேட்கிறான், வெட்கக்கேடு என்று அன்றைக்கும் நீ குதித்தாய். ஆனால் தம்பி, மக்கீன் நானா சொன்ன கப்பல்காரன் யார்? நீதான்! கோட்டையில் கப்பல் கொம்பனியில் கிளாக்கராய் இருக்கிறாய். றங்கூன் அரிசியும் கராச்சிப் பருத்தியும் முதலில் உன் மேசைக் கடதாசியில் வந்து இறங்கிவிட்டுத்தான் துறைமுகத்தில் இறங்குகின்றன. ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து, “இண்டைக்கு இன்ன ஊர்க் கப்பல் வந்தது” என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாயா? நீ சொன்னால் எனக்கு வேலையே இல்லை. நீ சொல்லவில்லை என்பதால்தான் கிழவி பஸ் ஏறி வந்தேன். அந்தக் கிழவியையும் வரவேண்டாம் என்கிறாய்.

நல்லது. வரமாட்டேன். இனி உன் வீட்டு வாசற்படியை நான் மிதிப்பதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் வரமாட்டேன். நீயே கார் கொண்டுவந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். அதற்கு முதலில் நீ கொட்டாஞ்சேனையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் தந்த பூமியுருண்டையை உடனே திருப்பி அனுப்பு. ரியூசன் வீட்டில் அதற்கு வேலை இருக்காது. வின்சன்ற் தடவித் தடவி இலங்கை அழிந்துபோயிருக்கும். பரவாயில்லை, அப்படியே அனுப்பு. உன்னுடைய “கடல் மேற்கு” என்ற அந்த மூதேவிப் பாடத்தை மட்டும் பிள்ளைகளின் மண்டையிலிருந்து கழுவித் துடைத்துவிடு. அதை வைத்துக்கொண்டு அதுகள் ஒரு இடத்துக்கும் போய்ச் சேரமாட்டாதுகள் என்று நான் எழுதித் தருகிறேன்.

பிறிஜெற்றுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை அடையாளமும் ஆளுக்கு ஒரு முத்தமும். உனக்கு ஆசீர்வாதம் மட்டும். அதுவும் அம்மா இருந்தால் கொடுத்திருப்பா என்பதற்காக.

இப்படிக்கு,
சனிக்கிழமையைப் பறிகொடுத்த உன் அக்கா,
புளோறன்ஸ்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் ஐறீனும் வின்சன்றும் நிற்கிறார்கள். தனியே! வின்சன்றின் கையில் தலையணை உறை, உறைக்குள் பூமியுருண்டை. பதறாதே. பிறிஜெற்தான் கொண்டக்டரிடம் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டாளாம். “அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அம்மா மாமியிட்டச் சொல்லச் சொன்னவ” என்றாள் ஐறீன். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன். பஸ்ஸில் கொண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்து, “வட்டக்காவா மல்லி?” என்று சிங்களத்தில் கேட்டானாம். “நே அய்யே, லோக்கய” என்றானாம் உன் மகன். பூசணிக்காய் இல்லை, உலகம்! அந்தப் பஸ் முழுக்கச் சிரித்ததாம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

“வழி பிழைக்காமல் எப்பிடிப் பிள்ளையள் வந்தனீங்கள்?” என்று கேட்டேன். “பிழைச்சனாங்கள் மாமி” என்றாள் ஐறீன். “கோட்டையில மாறி ஏறின பஸ் பிழை. வரேக்க கோல்பேஸில கடல் இடப்பக்கம் இருந்தது. பிறகு பாத்தால் திரும்பக் கோல்பேஸ், கடல் வலப்பக்கம். கடல் மேற்கெண்டால் நாங்கள் தெற்குக்கெல்லோ போறம்? உடன மணியை அடிச்சு இறங்கி, மற்றப் பக்கத்தில ஏறினனாங்கள்.” கேட்டாயா தம்பி? நிலாவெளி ரோட்டில் என் கேக்கைக் கொன்ற அதே வசனம். அது இன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் என் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. வின்சன்ற் எனக்கு விளங்கப்படுத்துகிறான்: “கொழும்பில அப்பா சொன்னது சரி மாமி. நிலாவெளியில மாத்திப் போடவேணும். கண்டியில எண்டால் நீங்கள் சொன்ன மாதிரிச் சூரியனைப் பாக்கவேணும்.” போன வருஷம் ஐறீன் கேட்ட கேள்விக்குத் தம்பிக்காரன் பதில் சொல்லிவிட்டான்.

ஆகவே மேலே மூதேவிப் பாடம் என்று எழுதிய இடத்தையும், வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று எழுதிய இடத்தையும் நீயே வெட்டிவிடு. நான் வெட்டினால் கடிதம் அசிங்கமாகிவிடும். பின்னேரம் பிள்ளைகளோடு நானே வந்து இதை உன் கையில் தருகிறேன். பூமியுருண்டையும் கூடவரும். வருகிற சனிக்கிழமையும் வருவேன். ரியூசனை வேறு நாளில் வை. அதுவரைக்கும் வகுப்பு உன்னுடையது. நாளைக்குப் பூசைக்கு வெளிக்கிட முன், பிள்ளைகள் இருவரையும் வாசலில் சூரியனைப் பார்த்து நிற்கவைத்து, நீயும் பக்கத்தில் நின்று, கடல் எந்தப் பக்கம் என்று கேள். பிறகு அதே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, நிலாவெளியில் என்றால் எந்தப் பக்கம் என்று கேள்.